சுறாமீன் கணக்குப் போட்ட மேதை

இத்தாலி நாட்டின் கிழக்குக் கரையில் இருப்பது ஏட்ரியாட்டிக் கடல். அதன் வட பகுதியில் வெனிஸ், டிரியெஸ்ட், பியூம் என்று மூன்று துறைமுகங்கள். பியூம் நகரம் இன்று குரோவேஷியா நாட்டைச் சேர்ந்தது. ரியெக்கா என்று பெயர். மூன்று ஊர்களிலும் பெரிய மீன் சந்தைகள் நடந்தன. எந்த ஆண்டில் எந்த ஜாதி மீன் எவ்வளவு விற்பனைக்கு வந்தது என்று சந்தையில் கணக்கு எழுதி வைப்பது வழக்கம்.

1925-ம் ஆண்டில் இந்தக் கணக்குகளை ஒரு வாலிபர் ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் பெயர் உம்பர்ட்டோ டான்கோனா. விலங்கியல் படித்தவர். கணக்கைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியப்பு ஏற்பட்டது.

பியூம் சந்தைக்கு 1914-ம் ஆண்டில் வந்த மீன்களில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்கள் நூற்றுக்கு 11.9 பங்கு. அடுத்த ஆண்டு அது 21.4 ஆகிவிட்டது. 1918-ல் 36.4! பிறகு மளமளவென்று இறங்கி, 1923-ல் 10.7-க்கு வந்துவிட்டது.

1914 முதல் 1918 வரை என்ன நடந்தது? முதல் உலக யுத்தம் நடந்தது. கடலில் போர்க் கப்பல்கள் திரிந்தன. கண்ணி வெடிகள் மிதந்தன. மீன் பிடிப்பது வெகுவாகக் குறைந்து போயிற்று.

மீன் பிடிப்பது குறைந்தால் மீன் பெருகும். இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எல்லா மீனும் அல்லவா பெருக வேண்டும்? சுறாவின் பங்கு மட்டும் மூன்று மடங்கு உயருவானேன்? சிறு மீன் பெருகினால் சுறாவுக்குத் தீனி அதிகம், ஆகவே சுறா பெருகியது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தீனி மீனையும்தான் யாரும் பிடிக்கவில்லை. அது ஏன் பின்தங்கியது? விலங்கியல் புத்தகங்களில் இதற்கு விடை இல்லை.

டான்கோனாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் மணக்கப் போகும் பெண்ணின் பெயர் லூயிசா. லூயிசாவின் தகப்பனார் இத்தாலியிலேயே பெரிய கணித மேதை. வருங்கால மாமனாரிடமே கேட்டுவிட்டால் என்ன? கேட்டார்.

அந்த மாமனார்தான் வீட்டோ வோல்டெரா. அப்போது அவருக்கு வயது 65.

தொட்டிலுக்கு அருகே குண்டு

வோல்டெரா 1860-ம் ஆண்டு மே மாதம் 3-ந்தேதி அங்கோனா பட்டினத்தில் பிறந்தார். அதுவும் ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள ஊர்தான். பெற்றோர் யூத மதத்தைச் சேர்ந்தவர்கள். தகப்பனார் துணி வியாபாரி.

அந்தக் காலத்தில் இத்தாலி ஒரே நாடாக இல்லை. துண்டு துண்டாகக் கிடந்தது. அங்கோனா போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியை ஒன்று சேர்க்கக் கிளம்பிய படை அந்த ஆண்டிலேயே அங்கோனாவை முற்றுகையிட்டது. பீரங்கிக் குண்டு ஒன்று வோல்டெராவின் வீட்டில், தொட்டிலுக்கு அருகே விழுந்தது. தொட்டில் நொறுங்கிப் போயிற்று. குழந்தை தப்பியது.

வோல்டெராவுக்கு இரண்டு வயது ஆனபோது தகப்பனார் இறந்துவிட்டார். கையில் காசு இல்லை. தாயார் ஆஞ்ஜெலிக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம் சகோதரர் அல்போன்சோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அல்போன்சோ பாங்கியில் உத்தியோகம் பார்த்தவர். தாய்மாமன் வீட்டில், பெற்ற பிள்ளை போலவே வோல்டெரா வளர்ந்தார். இளமையில் பெரும்பகுதி பிளாரன்ஸ் நகரில் கழிந்தது.

பதினோரு வயதிலேயே கணிதப் புத்தகங்களைத் தாமாகப் படிக்கத் தொடங்கினார். பதின்மூன்றாவது வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கதை ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. பூமியில் இருந்து நிலவுக்குப் பீரங்கி மூலம் மனிதர்களை அனுப்பும் கதை அது. மற்றப் பிள்ளைகள் கதையை ரசித்திருப்பார்கள். வோல்டெராவுக்கு வேறு கவலை. பூமியும் இழுக்கிறது, நிலவும் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே அந்தக் குண்டு எந்த வழியில் போகும்?

பெரிய பெரிய வானநூல் அறிஞர்களையே திணற அடித்த கணக்கு அது. சிறுவன் ஒரு தந்திரம் செய்தான். பயண நேரத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டினான். ஒவ்வொரு துண்டிலும் இழுக்கும் வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, துண்டு துண்டாகப் பாதையைக் கணக்கிட்டான். இன்று விண்வெளிக் கலங்களின் பாதையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர்கள் கையாளும் வழிக்கும் இதுதான் அடிப்படை. நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்குப் பிற்காலத்தில் வோல்டெரா என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் கணக்கு சோறு போடுமா? வீட்டில் வறுமை. பையன் பாங்கியிலோ கடையிலோ வேலைக்குப் போக வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பம். வோல்டெரா பிடிவாதமாக மறுத்தார். அவருக்குப் புத்தி சொல்லித் திருத்தும்படி, உறவினரான என்ஜினீயர் எடுவார்டோ அல்மாஜியாவிடம் குடும்பத்தினர் கேட்டுக் கொண்டார்கள். என்ஜினீயர் பையனிடம் பேசிப் பார்த்தார். பேசி முடித்தபோது அவரே பையன் கட்சிக்கு மாறிவிட்டார்!

பிளாரன்சில் ரோய்ட்டி என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். அவர் தமது ஆராய்ச்சிசாலையில் வோல்டெராவுக்கு ஒரு சிறு வேலை போட்டுக் கொடுத்தார். அதனால் படிப்பு நிற்கவில்லை. 1878-ல் பைசா நகரச் சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1882-ல் டாக்டர் பட்டம். அடுத்த ஆண்டே, 23-வது வயதில், அங்கேயே பேராசிரியர் பதவி!

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1892-ல் டூரின். 1900-ல் தலைநகரான ரோம். அதே ஆண்டில் வர்ஜீனியா அல்மாஜியாவை மணந்தார். 1905-ல் செனட் சபை அங்கத்தினர் ஆனார்.

உயிர்களுக்கும் கணக்கு

வோல்டெராவின் பெயரை உலகெங்கும் பரப்பியது ஒரு புதுவகைச் சமன்பாடு. ஒரு கம்பி இன்று எப்படி வளைகிறது என்பது, இன்று அதன் மீது தொங்கும் எடையை மட்டும் பொறுத்தது அல்ல. நேற்றும் முந்தாநாளும் அதை எவ்வளவு முறுக்கினோம் என்பதையும் பொறுத்தது. பழைய சங்கதிகள் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து இன்றைய நிலையைச் சொல்லும் கணக்கு அது. வோல்டெரா சமன்பாடுகள் என்றே அவற்றுக்குப் பெயர்.

ஆனால் அவர் மனத்தில் இன்னொரு ஆசையும் இருந்தது. கல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் கணக்குப் போடுகிறோம். உயிருள்ள பிராணிகளுக்கும் மனித சமுதாயத்துக்கும் ஏன் போடக்கூடாது? 1901-ம் ஆண்டில் ரோம் சர்வகலாசாலையில் ஆற்றிய தொடக்க உரையில் இதைத்தான் பொருளாக எடுத்துக் கொண்டார். என்றாலும், கணக்குப் போடுவதற்கு ஏற்ற கேள்வி அவருக்குக் கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் யுத்தம் வந்தது. இத்தாலி 1915-ல் போரில் இறங்கியபோது வோல்டெராவுக்கு வயது 55. பேரப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் வயது. அவரோ ராணுவத்தில் சேர்ந்தார்! ஆகாயக் கப்பல்களில் ஏறிப் பறந்தார். அவற்றில் பீரங்கி வைத்துச் சுடும் சோதனைகளில் கலந்து கொண்டார். ஆகாயக் கப்பலில் அடைத்த ஹைட்ரஜன் வாயு சட்டென்று தீப்பற்றக் கூடியது. அதற்குப் பதிலாகத் தீப்பிடிக்காத ஹீலியம் வாயுவை அடைக்கலாம் என்று முதலில் யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். வீரத்துக்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

அவர் வானத்தில் பறந்த அதே ஆண்டுகளில்தான் கீழே ஏட்ரியாட்டிக் கடலில் சுறாக்களின் பங்கு ஏறிக்கொண்டு வந்தது.

வரவும் செலவும்

மாப்பிள்ளை கொண்டுவந்த கேள்வியை வோல்டெரா எப்படிப் பிடித்தார்?

கடலை ஒரு குடும்பக் கணக்காக எடுத்துக் கொண்டார். இரண்டே இரண்டு பேர்வழிகள். ஒன்று சிறு மீன். மற்றொன்று அதைத் தின்னும் சுறா. சிறு மீனுக்கு வரவு, அதன் இனப் பெருக்கம். செலவு, சுறாவின் வயிறு. சுறாவுக்கு வரவு, சிறு மீன், செலவு, சாவு. சுறாவும் சிறு மீனும் எத்தனைக்கு எத்தனை அதிகமோ, அத்தனைக்கு அத்தனை அவை சந்திப்பதும் அதிகம். ஆகவே ஒன்றின் எண்ணிக்கையை மற்றதால் பெருக்கிக் கொள்ள வேண்டும். இவ்வளவுதான். மொத்தம் இரண்டு சமன்பாடுகள்.

சமன்பாடுகளைப் போட்டு முடித்ததும் முதல் உண்மை வெளிவந்தது. இரண்டு இனங்களும் ஒரே எண்ணிக்கையில் நிற்பதில்லை. ராட்டினம் போலச் சுற்றுகின்றன. சிறு மீன் பெருகும். தீனி கிடைத்ததும் பின்னாலேயே சுறா பெருகும். சுறா பெருகியதும் சிறு மீன் குறையும். தீனி இல்லாமல் சுறாவும் மடியும். சுறா மடிந்ததும் மறுபடி சிறு மீன் பெருகும். இதற்கு மழையும் காரணம் இல்லை, வெயிலும் காரணம் இல்லை. தின்பதும் தின்னப்படுவதுமே போதும்.

இரண்டாவது உண்மைதான் டான்கோனாவின் கேள்விக்கு விடை. அதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம்.

சிறு மீன்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு 50 பெருகுகின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒரு சுறா ஆண்டில் நூற்றுக்கு ஒன்று வீதம் சிறு மீனைத் தின்று தீர்க்கிறது. அப்படியானால் 50 சுறாக்கள் இருந்தால் வரவும் செலவும் சரிக்கட்டிப் போகும். இப்போது மனிதன் வலையோடு வருகிறான். எல்லா மீனிலும் நூற்றுக்குப் பத்தை வாரிக்கொண்டு போகிறான். சிறு மீனின் பெருக்கம் 50-ல் இருந்து 40-ஆகக் குறைகிறது. இனிமேல் 40 சுறாக்களுக்குத்தான் அங்கே இடம்.

சுறாவின் பக்கம் என்ன ஆகிறது? இரை கிடைக்காவிட்டால் சுறாவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 20 செத்துப்போகும் என்று கொள்வோம். வலையும் பத்தைக் கொண்டுபோனால் செலவு 30 ஆகிறது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, முன்னைவிட ஒன்றரை மடங்கு சிறு மீன் கடலில் இருந்தாக வேண்டும். அந்த அளவுக்குச் சிறு மீன் பெருகும் வரையில் சுறாவால் தலைதூக்க முடியாது.

ஆக, இரண்டையும் ஒரே விகிதத்தில் பிடித்தால் தின்கிறவன் குறைகிறான், தின்னப்படுகிறவன் பெருகுகிறான்! வலையை நிறுத்தினால் நேர்மாறாக நடக்கும். யுத்த காலத்தில் ஏட்ரியாட்டிக் கடலில் நடந்தது அதுதான்.

கேட்டால் எளிதாக இருக்கிறது. ஆனால் இதைத் தெளிவாகக் காட்டியது சமன்பாடுதான். 1926-ம் ஆண்டில் வோல்டெரா இதை இத்தாலிய மொழியில் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டில் லண்டனில் இருந்து வெளிவரும் நேச்சர் பத்திரிகையில் சுருக்கமும் வந்தது. டான்கோனாவுக்கும் லூயிசாவுக்கும் திருமணம் நடந்ததும் அந்த ஆண்டில்தான்.

கடல் கடந்து வந்த கடிதம்

கட்டுரை வந்ததும் அமெரிக்காவில் இருந்து ஒருவர் உரிமை கொண்டாடினார். அவர் பெயர் ஆல்பிரட் லோட்கா. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஜனத்தொகைக் கணக்குப் பார்த்தவர். அதே சமன்பாடுகளை அவர் ஏற்கனவே எழுதியிருந்தார். 1925-ல் புத்தகமாகவும் வெளியிட்டிருந்தார். வோல்டெராவுக்கு அது தெரியாது.

விஞ்ஞான உலகில் இப்படிப்பட்ட தகராறுகள் ஆயுள் முழுவதும் நீடிப்பது உண்டு. வோல்டெரா அப்படிச் செய்யவில்லை. லோட்கா தமக்கு முன்னால் எழுதியதை ஒப்புக்கொண்டார். மீன்பிடிப்பு பற்றிய விதியும் பல இனங்கள் சேர்ந்து வாழும் கணக்கும் தம்முடையவை என்று மட்டும் சுட்டிக்காட்டினார். அதனால் இன்றைக்கும் அந்தச் சமன்பாடுகளுக்கு லோட்கா - வோல்டெரா என்று இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன.

ஆனால் கணக்கு மெய்தானா? இதைச் சோதிக்க மாஸ்கோவில் காஸ் என்ற இளைஞர் முன்வந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு வகை நுண்ணுயிர்களை விட்டார். ஒன்று மற்றதைத் தின்னும் ஜாதி. ராட்டினம் சுற்றவில்லை! தின்னும் உயிர், இரையை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தது. பிறகு பட்டினி கிடந்து தானும் செத்தது. இரை ஒளிந்துகொள்ளக் குழாயின் அடியில் வண்டல் போட்டார். இப்போது தின்னும் உயிர் செத்தது. ஒளிந்திருந்த இரை பெருகியது. வெளியில் இருந்து அவ்வப்போது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வந்தபோதுதான் ஏற்ற இறக்கம் தெரிந்தது. 1934-ல் காஸ் இவற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.

இது வோல்டெராவுக்குத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. அவருடைய கடலில் ஒளிய இடம் இல்லை. சிறு மீனின் பெருக்கத்துக்கு எல்லையும் இல்லை. எல்லாச் சுறாவும் ஒரே அச்சில் வார்த்தவை. உண்மைக் கடல் அப்படி இராது. சந்தைக் கணக்கும் சந்தைக்கு வந்த மீனின் விகிதத்தைச் சொல்லுமே தவிர, கடலில் எத்தனை மீன் இருந்தது என்று சொல்லாது. ஆனால் எளிய கணக்கு ஒன்று இருந்ததால்தான், உண்மை எங்கே அதில் இருந்து விலகுகிறது என்று காஸ் போன்றவர்களால் தேட முடிந்தது.

கையெழுத்துப் போட மறுத்தவர்

மீன் கணக்குப் போட்ட காலத்திலேயே வோல்டெராவின் சொந்த வாழ்க்கையில் புயல் வீசத் தொடங்கிவிட்டது.

1922-ல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். வோல்டெரா அப்போது புகழின் உச்சியில் இருந்தார். இத்தாலியின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு அவரே முதல் தலைவர். ஒரு காலத்தில் கலிலியோ அங்கத்தினராக இருந்த லிஞ்சே கழகத்துக்கும் 1923 முதல் 1926 வரை தலைவர். வாய் திறவாமல் இருந்திருந்தால் பதவியும் பட்டமும் நிலைத்திருக்கும்.

அவர் வாய் திறந்தார். பாசிஸ்டு ஆட்சியை எதிர்த்து அறிஞர்கள் 1925-ல் விட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். செனட் சபையிலும் எதிர்த்து நின்றார். தலைமைப் பதவிகள் கையை விட்டுப் போயின. ரகசியப் போலீசார் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

1931-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு உத்தரவு பிறந்தது. சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் எல்லோரும் பாசிஸ்டு ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். மாணவர்களையும் அந்த வழியில் பயிற்றுவிப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும். மறுத்தால் வேலை போய்விடும்.

நாட்டில் அப்போது சுமார் 1,200 பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு முசோலினியைப் பிடிக்காது. ஆனாலும் பிள்ளை குட்டி இருக்கிறதே! தாங்கள் விலகினால் அந்த இடத்தில் பாசிஸ்டு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்களே என்று நினைத்தவர்களும் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். கணிதப் பேராசிரியர்களில் மறுத்தவர் வோல்டெரா ஒருவரே.

அவர் ஆர்ப்பாட்டம் ஏதும் செய்யவில்லை. சர்வகலாசாலைத் தலைவருக்கு மரியாதையாகச் சில வரிகளில் கடிதம் எழுதினார். தம்முடைய அரசியல் கருத்து என்ன என்பது செனட் சபையில் பேசியதில் இருந்தே தெரியும். அப்படிப் பேசும் உரிமையை அரசியல் சட்டம் கொடுத்திருக்கிறது. ஆகவே மனச்சாட்சிப்படி இந்தப் பிரமாணத்தைச் செய்ய இயலாது என்பது அதன் சாரம். நாற்பத்தெட்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவரை ஒரே உத்தரவில் வேலை நீக்கம் செய்தார்கள். அப்போது அவருக்கு 71 வயது.

1934-ல் அடுத்த அடி விழுந்தது. விஞ்ஞானக் கழகங்களின் அங்கத்தினர்களும் பிரமாணம் செய்ய வேண்டும் என்றார்கள். அதையும் மறுத்தார். தாமே தலைமை வகித்த லிஞ்சே கழகம் உள்பட, இத்தாலியக் கழகங்கள் எல்லாவற்றில் இருந்தும் அவர் பெயர் அடிபட்டது.

சொந்த நாடு கதவைச் சாத்தினாலும் வெளிநாடுகள் திறந்தே வைத்திருந்தன. பாரிஸ் நகரில் அவர் செய்த சொற்பொழிவுகள் உயிர்ப் போராட்டத்தின் கணிதக் கொள்கை பற்றிய பிரெஞ்சுப் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் வெளிவந்த ஆண்டும் 1931தான். 1936-ல் போப்பாண்டவர் தமது விஞ்ஞானக் கழகத்தில் அவரை அங்கத்தினராக நியமித்தார். யூதக் குடும்பத்தில் பிறந்தவரை, முசோலினி ஒதுக்கிய மனிதரை, வாடிகன் சேர்த்துக் கொண்டது!

1938-ல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. வோல்டெராவின் புதல்வர்களும் வேலை இழந்தார்கள். அதே ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவப் பட்டம் அளிக்க முன்வந்தது. பிரயாணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் காலில் ரத்தக்குழாய் வியாதி வந்தது. அதற்குப் பிறகு உடம்பு தேறவில்லை. மூளை மட்டும் சோர்வடையவில்லை. கடைசி வரையில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

1940-ம் ஆண்டு அக்டோபர் 11-ந்தேதி ரோம் நகரில், தம் வீட்டில் வோல்டெரா காலமானார். வயது 80. அவரால் புகழ் பெற்ற இத்தாலியக் கழகங்கள் அவரை நினைவுகூரவில்லை. போப்பாண்டவரின் கழகம் நினைவுகூர்ந்தது. ரோமுக்கு அருகே அரிச்சா என்ற சிற்றூரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மருந்து அடித்ததும் பெருகிய பூச்சி

அவர் மறைந்து சில ஆண்டுகளிலேயே அவருடைய விதியை நினைவூட்டும் சம்பவம் ஒன்று அமெரிக்க ஆரஞ்சுத் தோட்டங்களில் நடந்தது.

ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த பஞ்சுச் செதில் பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியா தோட்டங்களை நாசமாக்கியது. அந்தப் பூச்சியைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டை ஆஸ்திரேலியாவில் இருந்தே 1888-ல் வரவழைத்தார்கள். வண்டு ஆரஞ்சைக் காப்பாற்றியது. (நம் நீலகிரி மலையில் வாட்டில் மரங்களில் 1928-ல் இதே பூச்சி தலைகாட்டியபோது, இங்கும் அந்த வண்டைத்தான் வெளிநாட்டில் இருந்து தருவித்து விட்டார்கள்.)

பிறகு டி.டி.டி. மருந்து வந்தது. எஞ்சியிருக்கும் பூச்சியையும் ஒழித்துவிடலாம் என்று தோட்டங்களில் தெளித்தார்கள். நடந்தது என்ன? பஞ்சுப் பூச்சி மறுபடி படையெடுத்தது! தின்கிறவனையும் தின்னப்படுகிறவனையும் சேர்த்து அடித்தால் இலாபம் யாருக்கு என்று வோல்டெரா 1926-லேயே எழுதி வைத்திருந்தார். பொறிவண்டுக்கு அந்த மருந்து அதிகமாகப் பலித்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் திசை, கணக்குச் சொன்ன திசையே.

மீனும் மாறுகிறது

கம்ப்யூட்டர் வந்த பிறகு, காகிதத்தில் போட முடியாத கணக்குகளையும் போட முடிந்தது. வோல்டெரா விட்டுப்போன சங்கதி ஒன்றும் உள்ளே வந்தது. அவர் கணக்கில் சிறு மீன் என்றைக்கும் அதே சிறு மீன். டார்வின் சொன்ன பரிணாமம் அதில் இல்லை. பரிணாமம் நடக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகுமே, நான்கைந்து ஆண்டுக் கணக்கில் அது எதற்கு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சைப் பாசியையும், அதைத் தின்னும் மிகச் சிறிய நீர்ப்பிராணியையும் வளர்த்தார்கள். ராட்டினம் சுற்றியது. ஆனால் வோல்டெரா சொன்னபடி இரையின் பின்னாலேயே எதிரி ஏறவில்லை. ஒன்று உச்சியில் இருந்தால் மற்றது அடியில் இருந்தது. சுற்றும் நெடுநேரம் நீடித்தது. பலவிதக் காரணங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். பாசியே பரம்பரை தோறும் மாறுகிறது, தின்ன முடியாத ஜாதி பெருகுகிறது என்று வைத்தபோதுதான் கணக்கு ஒத்து வந்தது. பிறகு ஒரே ஜாதிப் பாசியை மட்டும் தனியே விட்டுச் சோதித்தார்கள். பழைய ராட்டினம், வோல்டெராவின் ராட்டினம், திரும்பி வந்தது! 2003-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

கடலிலும் இதுவே நடந்தது. கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து கரையோரத்தில் காட் என்ற மீன் நூற்றாண்டுக் கணக்கில் குவியல் குவியலாகப் பிடிபட்டு வந்தது. 1992-ல் அந்தக் கூட்டம் அடியோடு சரிந்தது. மீன்பிடிப்பதையே அரசாங்கம் தடை செய்தது. பல்லாயிரம் பேர் பிழைப்பு இழந்தார்கள். பிற்பாடு பழைய அளவுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அந்தச் சரிவுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே காட் மீன்கள் முன்னைவிடக் குறைந்த வயதில், சிறிய உடலோடு பருவத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. நிதானமாக வளரும் மீன் முட்டையிடும் முன்பே வலையில் போய்விடும். அவசரமாகப் பருவம் அடையும் மீன்தான் வம்சத்தை விட்டுப் போகும். 2004-ல் இந்தக் கணக்கு வெளிவந்தது. அதற்குள் தடை போட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய மீன் கூட்டம் அப்போதும் திரும்பி வரவில்லை.